சதுக்கத்துக்குப் போகும் சந்து

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

வேலையில் பாய்லர் பக்கத்தில் நின்று நின்று நீ கருகிப் போகாமல் இருக்கிறாயா? இருமல் விட்டதா? இங்கே எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

உனக்கு ஒரு சேதி. உன் மாப்பிள்ளை நம்முடைய சண்டை ஆட்டத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார். பரண்மேல் கிடந்த பெட்டியை அவரே இறக்கினார். விதித்தாள்களைப் பட்டறைக்கு எடுத்துப் போய், அரைகுறைப் பல்செட்டுகளுக்கு நடுவில் வைத்துப் படித்திருக்கிறார். வந்து என்னிடம், "ஆக, ஒருத்தர் படையோட வந்து ஊருக்கு நடுவுல இருக்கிற சதுக்கத்தைப் பிடிக்கணும், இன்னொருத்தர் பிடிக்க விடக் கூடாது. இதுக்கா இவ்வளவு தாள்?" என்றார். நீயும் நானும் பத்து வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நம் அட்டை வீடுகள் நசுங்கிப் போயிருந்தன. பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரிலேயே அவர் புதிதாக வார்த்துக் கொண்டுவந்தார். மில், பாலம், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு, ஜன்னலோடு. பள்ளிக்கூடம் மட்டும் பார்க்கக் கொஞ்சம் கடைவாய்ப்பல் போல இருக்கிறது. கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் ஊரைப் பரப்பிக்கொள்கிறோம். மத்தியானம் அவர் சாப்பிட வரும்போது ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று. நான் எப்போதும்போல ஊருக்குள் நீலம். அவர் வெளியிலிருந்து பச்சை. முதல் ஆட்டத்தில் பாலத்திலேயே மடிந்துபோனார், பாவம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள கோட்டைக்கு,

இருமல் போய்விட்டது. சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கிறது. நீ நன்றாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் தனியாகக் கேட்கவில்லை.

என் பச்சைக் காய்களை மாப்பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தது யார்? பெட்டியில் வேறு நிறம் கிடையாது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். ஒரு காயின் மூலை பல் பட்டுக் கடிபட்டிருக்குமே, அதை அவர் எங்கும் முன்னால் அனுப்பிக் கொன்றுவிட வேண்டாம். அது எனக்கு ராசியான காய்.

பிளாஸ்டர் வீடுகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அட்டை வீட்டின் கூரையைத் தூக்கினால் உள்ளே நீ ஒளித்து வைத்த காய் இருக்கும். பிளாஸ்டர் வீட்டில் எங்கே ஒளிப்பாய்? இதையெல்லாம் யோசித்துப் பார்த்துத்தான் செய்தாரா?

அப்புறம் இந்தக் கட்டில் கதை. படுத்துக்கொண்டு யாராவது போர் நடத்துவார்களா? அம்மா சாப்பாட்டு மேஜையைத் தராதபோது நாம் தரையில் முட்டி தேயத் தேய ஆடினோம். தவிர, வாரநாள் மத்தியானத்தில் உனக்குக் குடிநீர் அலுவலகம் கிடையாதா? கவுண்டரில் உட்கார்ந்து பில் போடுவது யார்?

இங்கே என் அறையில் ஊரை நானே ஒரு தாளில் வரைந்து, சோடா மூடிகளை வைத்துத் தனியாக ஆடிப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் நானே. தோற்பதும் நானே. சுகமில்லை.

மாப்பிள்ளை ஆட்டம் எப்படி? மழுப்பாமல் எழுது.

அண்ணன்


மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று வாசித்துக் காட்டினேன். கடிபட்ட காயை அவர் அன்றே தனியாக எடுத்து ஒரு காலி மருந்து டப்பாவில் போட்டு வைத்துவிட்டார். திருப்தியா?

அலுவலகத்தில் விடுப்பு நிறைய சேர்ந்து கிடந்தது, எடுத்திருக்கிறேன். கட்டில் வசதியாக இருக்கிறது. இதில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஆட்டத்தைச் சொல்கிறேன். அவர் உன்னைப்போல் பாய்கிறவர் இல்லை. ஒரு காயை நகர்த்துவதற்குள் எனக்கு ஒரு தூக்கம் முடிந்துவிடும். தெருவைத் தாண்டுவதற்குக்கூட மறைப்புக்குப் புகைக்காய் போட்டுக்கொண்டுதான் தாண்டுவார். போன வாரம் மில்லைப் பிடித்தே விட்டார். சதுக்கம்தான் கிடைக்கவில்லை. என் எந்திரத் துப்பாக்கி வழக்கம்போலப் பள்ளிக்கூட மாடியில்தான் இருக்கிறது, அந்த ஜன்னலிலிருந்து மில்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து முழுவதும் தெரியும் என்பது உனக்குத் தெரியாதா? அவர் அதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்தச் சந்துப் பக்கமே வருவதில்லை. புத்தியா பயமா தெரியவில்லை.

தோற்றால் அவர் முகம் வாடுவதே இல்லை, அண்ணா. உனக்குப் பகடை பறக்கும். அவர் காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று எழுந்து போவார். வீட்டில் அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் வாய் திறக்கிறது.

சோடா மூடிகளிடம் தோற்காதே. வேளைக்குச் சாப்பிடு.

தங்கை


மார்ச் 19

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இதற்குமுன் நான் தங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இது அவளுக்குத் தெரியாமல் பட்டறையில் வைத்து எழுதுவது.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்தச் சதுக்கத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. மில்வரை போகிறேன், அதற்குமேல் வழி தெரியவில்லை. ஒவ்வொரு முறை நான் தோற்கும்போதும் அவள், "அண்ணன் இருந்தா இந்த இடத்துல இப்படி விட்டிருக்க மாட்டான்" என்கிறாள். கேலிக்காகச் சொல்வதில்லை, அவளை அறியாமலே வாயில் வந்துவிடுகிறது. தினமும் கேட்கிறேன்.

எப்போதும் அவளே ஜெயித்தால் அவளுக்கும் அலுத்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இந்த மாதங்களில் அவளுக்கு அலுப்புத் தட்டாமல் இருப்பது முக்கியம். ஒரே ஒரு தடவை சதுக்கத்துக்குள் போய்விட்டால் போதும். அவளைத் தங்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. எந்த வழியாகப் போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 26

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நான் சுகமாக இருக்கிறேன். கேட்பதற்கு இவ்வளவு கூச்சம் எதற்கு?

வழி சுலபம். மில்லுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது பாருங்கள். அது நேரே சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அங்கே அவள் ஆள் வைக்க மாட்டாள், சின்ன வயதிலிருந்தே அவள் வழக்கம் அது. புகை போட்டு ஒரு சுற்றை வீணாக்காதீர்கள். மில்லில் இருக்கும் மொத்தப் பேரையும் ஒரே சுற்றில் சந்துக்குள் அனுப்புங்கள். வேகம்தான் முக்கியம். அவளே அசந்துபோவாள்.

அண்ணன் இருந்தால் இப்படித்தான் செய்திருப்பான்.

மச்சான்


ஏப்ரல் 11

அண்ணா,

சௌக்கியம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

நேற்று அவர் பட்டறையிலிருந்து சீக்கிரம் வந்தார். சட்டையில் பிளாஸ்டர் தூள்கூடத் தட்டவில்லை. பலகையைப் போட்டு, நிறுத்தி வைத்திருந்த ஆட்டத்தைத் தொடர உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. மில்லில் இருந்த அத்தனை காய்களையும் எடுத்துப் பின்சந்தில் வரிசையாக வைத்தார். புகை இல்லை. துணைக்குச் சுட ஒரு ஆள் இல்லை.

சுடுவதற்கு முன் என் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று நான் காட்டியே ஆக வேண்டும், விதி அது. காட்டினேன். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு உருட்டாமல் இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்தார். அப்புறம், "உருட்டு" என்றார். உருட்டினேன். ஒரு காய் மிச்சமில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நானாத்தான் யோசிச்சேன்" என்றார்.

அவர் இதை யோசித்திருக்கவே முடியாது, அண்ணா. தெருவில் நடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர் அவர். இது அவர் புத்தி இல்லை. அந்தச் சந்தில் நீ எத்தனை வருஷம் செத்தாய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, செத்த காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊர் என்னுடையது. அதில் யார் எப்படிச் சாக வேண்டும் என்று அங்கிருந்து நீ ஏற்பாடு செய்ய வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 20

அன்புள்ள கோட்டைக்கு,

நான் சுகம். நீ கோபத்தில் இருக்கிறாய் என்பதைத் தவிர வேறு குறை இருக்காது என நம்புகிறேன்.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா? அட்டைக் காய்கள் செத்ததற்கு இழவு வீட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாய். நாம் ஆடும்போது நீ என்னை ஏமாற்றவே இல்லையா? பாலத்தில் ஆளே இல்லை என்று சாதித்துவிட்டு, அடியில் மூன்று பேரை ஒளித்து வைத்த ஆள் யார்? மாப்பிள்ளை என்றால் மட்டும் தாங்கித் தாங்கி ஆட வேண்டுமா?

வழி கேட்டார், சொன்னேன். எதிரியின் அண்ணனிடம் போய் வழி கேட்பவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

பதில் எழுது.

அண்ணன்


மே 8

கோட்டை,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் பெட்டியைத் திறந்து திறந்து காவலாளிக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "வீட்டுல யாருக்காவது முடியலையா சார்?" என்று கேட்கிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

போன கடிதத்தில் நியாயம் பேசினேன். அதை விடு. நான் சந்து வழியைச் சொன்னது விளையாட்டாக இல்லை. அவர் கடிதம் வந்தபோது, அவர் அந்தச் சந்தில் சாக வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தேன். அவர் பச்சைக் காய்களை எடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. பிப்ரவரியில், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது என்று எழுதினாய் பார். அந்த வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் அந்த ஊரில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். அங்கே இன்னொருவர் வந்து, உன்னிடம் தோற்று, உன்னைச் சிரிக்கவும் வைக்கிறார். நான் இங்கே சோடா மூடிகளை நகர்த்திக்கொண்டு இருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

அண்ணன்


மே 17

மச்சானுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இல்லை என்றாலும், தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

தங்கள் கடிதங்கள் இரண்டும் வந்தன. இரண்டாவதை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். பதில் எழுதவில்லை. உடம்பைப் பற்றி நீங்கள் கேட்டிருப்பதால், அவளுக்குத் தெரியாமல் மறுபடியும் நான் எழுதுகிறேன்.

அவள் கர்ப்பமாக இருக்கிறாள். ஏழாவது மாதம். ஜனவரியிலேயே டாக்டரம்மா படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கழிப்பறைக்கு மட்டும் எழுந்து போகலாம். கட்டிலில் பலகை போட்டது அதனால்தான். நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பரணில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டது, இறக்கினேன். இதுவரை எல்லாம் சரியாக இருக்கிறது.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள். காரணம் உங்களுக்கே தெரியும். போன தடவை குழந்தை கலைந்தபோது வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். நான்கு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, "பார்த்துக்கத் தெரியாதவனுக்கு எதுக்குக் கல்யாணம்?" என்றீர்கள். அவள் தூங்குகிறாள் என்று நினைத்தீர்கள். அவள் தூங்கவில்லை.

நான் பெரிய மனதுக்காரன் இல்லை, மச்சான். சந்தில் என் ஆட்கள் செத்த அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது உங்களுக்காக இல்லை. உங்கள் பேரை அந்தப் பலகைக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. "அண்ணன் இருந்தா" என்று அவள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்கு மட்டும்தான் எரியும் என்று நினைக்க வேண்டாம்.

தங்கள் மாப்பிள்ளை


மே 24

அன்புள்ள தங்கைக்கு,

மாப்பிள்ளை எழுதிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார்.

கடிதத்தைப் படித்த உடனே விடுப்பு எழுதிக் கொடுத்து, அனுமதியும் வாங்கி, பெட்டியும் கட்டினேன். பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்றபோது, போன தடவை இதே பெட்டியோடு வந்து நான் என்ன செய்தேன் என்று நினைவு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். பெட்டியை அவிழ்த்துச் சட்டைகளைத் திரும்பக் கொடியில் போட்டேன்.

நீ கூப்பிடும்வரை வர மாட்டேன். கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை. அப்படி எழுதுகிறேனே தவிர, இருக்கும்.

நீ அன்று விழித்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதால் அது இல்லை என்றாகிவிடாது.

அசையாமல் படு. அலுத்தாலும் படு.

அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணா,

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து மலை ஏறுகிறது, பொறுத்துக்கொள். நானும் உள்ளே இருக்கிற ஆளும் நன்றாக இருக்கிறோம். உதைக்கிற உதையில் நேற்றுப் பாலம் கவிழ்ந்தது.

நீ பெட்டியை அவிழ்த்தாய் என்று படித்தபோது எனக்கு அழுகை வந்தது. உன்னை வரச் சொல்ல மாட்டேன், இப்போதைக்கு. உன்மேல் கோபம் முழுக்கப் போகவில்லை. அவர்மேலும் கொஞ்சம் இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் எனக்குத் தெரியாமல் கடிதம் எழுதிக்கொண்டீர்கள். என்னைச் சுற்றி நீங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் சண்டை போட்டது போதும். போடுவதானால் பலகையில் போடுங்கள், எனக்கு எதிராக.

புது ஆட்டம். ஊரில் நான் மட்டும். வெளியே நீங்கள் இருவரும். பச்சைக் காய்களில் பாதி உனக்கு, பாதி அவருக்கு. நீ பாலத்துப் பக்கம், அவர் மில் பக்கம். உன் ஆட்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு எழுது, அவர்தான் நகர்த்துவார். நான் அந்தக் கடிதங்களைப் பிரிக்க மாட்டேன், சத்தியம்.

கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி, "சரி" என்றார்.

தங்கை


ஜூன் 16

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் நலமா? அவள் நிலைமையை நீங்கள் வாரம் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினால் நல்லது.

முதலில் இது. வாசலில் நான் சொன்னதை இனி நான் என்ன சொல்லியும் அழிக்க முடியாது. நீங்கள் மறக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. அது பொய் என்று மட்டும் எழுதி வைக்கிறேன். அன்றைக்கே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

இனி ஆட்டம். என் ஆட்கள் பாலத்துக்கு இந்தப் பக்கத்துச் சுவரை விட்டு நகர வேண்டாம். ஒவ்வொரு சுற்றும் பள்ளிக்கூட மாடியையே பார்த்துச் சுடட்டும். அவர்கள் சுடும்வரை அவளால் அந்த ஜன்னலில் தலைதூக்க முடியாது. என்னிடம் இருக்கும் புகை மொத்தத்தையும் சந்துக்குள் போடுங்கள். நீங்கள் உள்ளே போங்கள். என் பக்கம் ஆள் குறையும், அதைப் பார்த்து நின்றுவிடாதீர்கள்.

பாலத்திலிருந்து சதுக்கத்துக்கு நேர்வழி ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். முதலில் அந்த வழியைத்தான் எழுதினேன். கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இரண்டாவது தாளையும் கிழித்தேன். இது மூன்றாவது, தபால் பை கிளம்புவதற்குள் போட்டுவிடுகிறேன்.

மச்சான்


ஜூலை 14

அன்புள்ள அண்ணா,

உனக்கு மருமகள் பிறந்திருக்கிறாள். தந்தியில் அதற்குமேல் எழுத இடமில்லை, இப்போது விவரமாக எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். எழுந்து நடக்கிறேன். ஜன்னல்வரை போய் வந்தேன், ஊர்வலம் போன மாதிரி இருந்தது. அவளும் நன்றாக இருக்கிறாள். எடைதான் கொஞ்சம் குறைவு, குரலில் அந்தக் குறை இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் என் ஊர் விழுந்தது. உன் ஆட்களில் பாலத்துச் சுவரருகே இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள், ஆனால் என் ஜன்னலைத் திறக்கவே விடவில்லை. அவர் புகைக்குள் ஒரு காய் ஒரு காயாகச் சந்தைத் தாண்டிச் சதுக்கத்துக்கு வந்தார். சதுக்கத்தில் நடுகிற வெற்றிக் கொடியை உனக்காக விட்டுவைப்பார் என்று நினைத்தேன். இல்லை, கொஞ்சமும் தயங்காமல் அவரே நட்டார். உனக்கு எரியும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அப்புறம் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். திரும்பி வந்து, "மச்சான் நேர்வழியில போயிருந்தா அவரே பிடிச்சிருப்பாரு, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

இப்போது எனக்கு வேறு பிரச்சினை. பட்டறைக்கு விடுப்பு எழுதிவிட்டு மனிதர் நாள் முழுக்கக் குழந்தையைக் கையிலேயே வைத்திருக்கிறார். பால் கொடுக்க மட்டும் என்னிடம் வருகிறாள். ஏப்பம் விட வைக்கத் தோளில் போட்டவர் திருப்பித் தருவதே இல்லை. கேட்டால், "இப்பத்தான் தூங்குறா" என்கிறார். இத்தனை மாதம் அசையாமல் சுமந்தவள் நான். அவள் கண் திறந்து பார்ப்பது அவர் முகத்தை. அவர் கொஞ்சுவதைப் படுத்துக்கொண்டு கேட்டால் எனக்கு எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தனியாக என்னால் அவரைச் சமாளிக்க முடியாது. எனக்கு ஒரு ஆள் வேண்டும். பெட்டியைக் கட்டு, அண்ணா. இந்தத் தடவை நீ என் பக்கம்.

உன் தங்கை